‘ஊதிடலாம்’ என்றால் வலிக்கிறது என்று அர்த்தம்

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம் இருக்கும்போதுதான் ஒரு மருத்துவர் ஆட்டிசம் என்ற சொல்லை முதன்முதலாக என்னிடம் சொன்னார். உறுதியாகி, அறிக்கை கைக்கு வந்தபோது மூன்று வயது தாண்டியிருந்தது. அந்த எட்டு ஒன்பது மாதங்களில் என்னென்ன நடந்தது, எதையெல்லாம் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று எழுதி வைக்க ரொம்ப நாளாக ஆசை. இப்போது அதே வாசலில் காத்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் கண்ணில் பட்டது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பாததுதான். அடுத்த அறையில் அவனுக்குப் பிடித்த பாட்டு மெதுவாக ஒலித்தால் ஓடி வருவான். நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் அசைய மாட்டான். ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவன் அப்பாவும் அப்படித்தான் என்றார் மாமியார். நம்ப வேண்டும்போல இருந்தது, நம்பினேன். ஆறு மாதம் அப்படியே போனது. அது இன்னும் மனதை உறுத்துகிறது. சந்தேகம் வந்த அன்றே போய்க் கேட்டிருக்கலாம். கேட்பதால் ஒன்றும் கெட்டுப்போய்விடாது.

குழந்தை மருத்துவர் முதலில் காது பரிசோதனைக்கு அனுப்பினார். பெரா என்று சொல்வார்கள். குழந்தை தூங்கும்போது தலையில் சின்னச் சின்ன உணரிகளை ஒட்டி, காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டு அதற்குப் பதில் கொடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதல் நாள் அவன் தூங்கவே இல்லை, திரும்பி வந்துவிட்டோம். இரண்டாம் முறை முடிந்தது. காது நன்றாகவே இருக்கிறது என்றார்கள். என் கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காது கேட்கிறது என்றால் ஏன் திரும்பவில்லை?

அடுத்து 20 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். எம்-சாட் என்று பெயர். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. ஆம், இல்லை என்று குறித்தால் போதும். இது வெறும் சல்லடை, இதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு செய்யக் கூடாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குழந்தையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

அந்தத் தாளில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். ஏதாவது வேண்டும் என்றால் விரலால் சுட்டிக் கேட்பானா? சுவாரசியமான எதையாவது பார்த்தால் உங்களுக்குக் காட்டுவதற்காகச் சுட்டுவானா? எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வானத்தில் விமானம் போகும்போது “அதோ, அதோ” என்று காட்டுகிற குழந்தை விமானத்தைக் கேட்கவில்லை. தான் பார்ப்பதை அம்மாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. காட்டிவிட்டு அம்மா பார்த்தாளா என்று முகத்தைத் திரும்பிப் பார்க்கும். வாயில் சொல் வருவதற்கு முன்பே குழந்தைகள் பேசத் தொடங்குவது இப்படித்தான் என்றார்.

என் மகன் சுட்டவே இல்லை. கதவைத் திறக்க வேண்டும் என்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்த் தாழ்ப்பாளின் மேல் வைப்பான், சாவியை வைப்பதுபோல. என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அன்றிரவு போனில் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றுகிறது. அவன் அதைப் பார்த்துக் கைகளை உதறி உதறிக் குதிக்கிறான், முகமெல்லாம் சிரிப்பு. “என்னடா தங்கம், என்னடா அங்கே?” என்று என் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவைகூட அவன் என் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ முறை பார்த்துப் பார்த்து ரசித்த வீடியோ அது. அவன் தனியாகச் சந்தோஷப்படுகிறான் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. விடியும்வரை தூங்கவில்லை.

முழு மதிப்பீட்டுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்காதீர்கள், பேச்சுப் பயிற்சியை இந்த வாரமே ஆரம்பியுங்கள், அதற்கு அறிக்கை வர வேண்டும் என்றில்லை என்றார் மருத்துவர். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே பெரியது அதுதான். காத்திருக்கும் எல்லோரிடமும் இதை மட்டும் கட்டாயம் சொல்கிறேன்.

அந்த ஐந்து மாதமும் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஆட்டிசம் என்ற பேச்சே தொடங்குகிறது. அதற்குப் பிறகு வந்த பல ஆண்டுகள் அம்மாக்களுக்குக் கொடுமையான காலம். தாய் அன்பு காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று மருத்துவத்தில் பெயர் பெற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் அதை மறுத்து, இதன் வேர் உடலில் இருக்கிறது என்று வாதாடினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்கு அப்பா. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்றால், அதே வாரத்தில்தான் ஒரு உறவினர் என்னிடம், “நீ அவன்கூட உட்கார்ந்து பேசியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?” என்று கேட்டிருந்தார். அறுபது வருடத்துக்கு முன்பே தவறென்று காட்டப்பட்ட பேச்சு அது என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தடுப்பூசி பற்றியும் கேட்டார்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998-இல் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வும் எந்தத் தொடர்பையும் காணவில்லை. அதற்குமேல் அதில் நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை. ஆட்டிசத்தையே குணப்படுத்திவிடுவதாகச் சொல்லி வந்தவர்களிடமும் அப்படித்தான் நடந்துகொண்டோம். அப்படி ஒரு மருந்து கிடையாது. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று செய்யும் சிகிச்சை உயிருக்கே ஆபத்து.

சரி, மதிப்பீட்டு நாளுக்கு வருகிறேன். ஏடாஸ் என்ற முறையில் பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். சோப்புக் குமிழ் ஊதுகிறார்கள், சட்டென்று நிறுத்துகிறார்கள். குழந்தை இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்கிறது என்று பார்க்கிறார்கள். கையாலா, கண்ணாலா, குரலாலா? என் மகன் குமிழ்க் குப்பியை எடுத்து, மதிப்பீடு செய்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் பொம்மைக் காரின் கதவில் அவன் விரல் நசுங்கியது. அழவில்லை. “ஒண்ணுமில்லை, ஊதிடலாம். ஊதிடலாம்” என்று சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்தான். இது வீட்டில் அவன் அடிக்கடி சொல்வதுதான், பாட்டுப் பாடுவதுபோல ஒரே ராகத்தில். அர்த்தமில்லாமல் உளறுகிறான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதை முதல்முதலாக எங்கே கேட்டிருப்பான்?”

யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்தது. ஒன்றரை வயதில் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். மடியில் வைத்து நான் சொன்ன வார்த்தைகள் அவை. அதே ராகம், என் ராகம்.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் முன்பு, இரண்டு ராத்திரி முழுக்க அவன் தூங்காமல் “ஊதிடலாம், ஊதிடலாம்” என்று கத்திக்கொண்டே இருந்தான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்தோம். அதட்டவும் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் காதிலிருந்து சீழ் வழிந்தது. வலிக்கிறது, வலிக்கிறது என்று இரண்டு ராத்திரி அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

இதற்கு எக்கோலாலியா என்று பெயர். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. உடனே சொல்லலாம், மாதக்கணக்கில் கழித்தும் சொல்லலாம். சொல் சொல்லாகப் பொறுக்கி வாக்கியம் கட்டாமல், ஒரு முழு வாக்கியத்தை அது கேட்ட நேரத்து உணர்வோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. கானரே 1946-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு சிறுவன் “நாயைப் பால்கனியிலிருந்து எறியாதே” என்று சம்பந்தமே இல்லாமல் சொல்வானாம். விசாரித்தால், சில வருடம் முன்பு பொம்மை நாயை மாடியிலிருந்து எறிந்துகொண்டே இருந்தபோது அவன் அம்மா சொன்னதாம். அதற்குப் பிறகு எதையாவது எறியத் தோன்றும்போதெல்லாம் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொள்வான். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுப் போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. பழகுவது, பேசுவது ஒரு பக்கம். திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றம் பிடிக்காதது, ஒலி, ஒளி, தொடுதல் தரும் தொந்தரவு இன்னொரு பக்கம். 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு துணை தேவை என்று ஒன்று முதல் மூன்று வரை நிலை குறிக்கச் சொல்கிறது. ஆஸ்பெர்கர் என்று தனி வகையாகச் சொல்லப்பட்டதும் அப்போதுதான் இதற்குள் வந்தது. என் மகனுக்கு முதல் பக்கத்தில் இரண்டு, அடுத்ததில் ஒன்று. அதை மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று தேவைப்படும் துணையின் அளவு இது, மாறக்கூடியது என்று மருத்துவர் சொன்னார். ஆட்டிசத்தோடு சேர்த்துச் சொல்லும் ஸ்பெக்ட்ரம் என்ற சொல்லையும் நான் தப்பாகவே புரிந்திருந்தேன், லேசான ஆட்டிசத்தில் தொடங்கிக் கடுமையானதில் முடியும் ஒரு நேர்கோடு என்று. இவனுக்கு மிக்ஸி ஓடினால் தாங்காது, ஆனால் கூட்டத்தில் ஜாலியாக இருப்பான். இவன் பயிற்சிக்குப் போகும் மையத்துக்கு வரும் இன்னொரு பிள்ளை சரளமாகப் பேசுகிறாள், கூட்டம் என்றால் நடுங்குகிறாள். யாருக்கு லேசு, யாருக்குக் கடுமை என்று எப்படிச் சொல்வது?

இப்போது அவனுக்கு ஐந்து வயது. சத்தத்துக்குக் காதுக் கவசம் இருக்கிறது. அன்றைய வேலைகளைப் படமாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுகிறோம். படத்தைத் தொட்டால் பேசும் ஒரு செயலியும் வைத்திருக்கிறோம். அதைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பயந்து ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். அந்தப் பயம் தேவையே இல்லாதது. பேச்சு நிற்கவில்லை, கூடத்தான் செய்தது.

இதற்கெல்லாம் மேலாக, ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அவன் சொல்லும் வாக்கியம் ஒரு பக்கம், எங்கே கேட்டது, என்ன அர்த்தம் என்பது எதிர்ப்பக்கம். “ஊதிடலாம்: வலி, பயம்” என்பது முதல் வரி. “லைட்டைப் போடவா?” என்றால் இந்த இடம் பிடிக்கவில்லை, போகலாம். “அப்பா வந்தாச்சு” என்றால் சந்தோஷம், அப்பா வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு பிரதி எடுத்து அவன் ஆசிரியையிடமும் கொடுத்திருக்கிறேன். அவரும் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்.

41-ஆவது வரி இன்னும் பாதியில் நிற்கிறது. “இது நம்ம பை இல்லை.” எங்கே கேட்டான் என்று யாருக்கும் ஞாபகமில்லை. நேற்றுச் சாயங்காலம் இரண்டு முறை சொன்னான், இரண்டு முறையும் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு. நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.