மூன்று லட்சம் ரூபாய்க்குக் கைமாறிய கோட்டை

கொடுங்கல்லூருக்குப் போகும் தமிழர்களில் பெரும்பாலோர் பகவதி கோயிலுக்குத்தான் போகிறார்கள். கண்ணகி வந்து தங்கிய இடம் என்ற நம்பிக்கை நம்மை இன்றும் அங்கே இழுக்கிறது. வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் சேரமான் மசூதியையும், முசிறி இதுவாக இருக்கலாம் என்று அகழாய்வு நடந்த பட்டணம் என்ற பக்கத்து ஊரையும் பார்த்துவிட்டு வருவார்கள். அதே ஊரில், பெரியாற்றங்கரையில் கோட்டப்புறம் என்ற இடத்தில் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டைக்காக மட்டும் அங்கே போனவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

நான் திண்டுக்கல்காரன். எங்கள் மலைக்கோட்டை மைசூர் கையிலிருந்து கும்பெனிக்காரர்கள் கைக்கு நிரந்தரமாகப் போனது எப்படி என்று தேடப் போனால், நூல் பிடித்தாற்போல் அந்தத் தேடல் இந்தக் கேரள ஆற்றங்கரையில் வந்து நிற்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, அங்கிருந்து திருச்சூர் என்று ரயிலில் போய், மிச்ச தூரத்தைப் பேருந்தில் கடந்தேன். ரயில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழையும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். 1789இல் திப்புவின் படை கோயம்புத்தூரிலிருந்து மலையாளக் கரைக்கு இறங்கிய வழி அதுதான்.

கோட்டப்புறத்தில் முதலில் கண்ணில் படுவது கோட்டை அல்ல, தண்ணீர்தான். பெரியாற்றின் ஒரு கிளை கடலைத் தேடி வந்து காயலோடு கலக்கும் இடம். தெற்கே போனால் கொச்சி, வடக்கே போனால் சேற்றுவா, கிழக்கே போனால் மிளகு விளையும் மலையடிவாரம், மேற்கே கடல். சாலைகள் இல்லாத காலத்தில் படை, மிளகு, செய்தி எல்லாமே தண்ணீர் வழியாகத்தான் போயின. இந்த முனையில் பீரங்கி வைத்திருப்பவனைக் கேட்காமல் ஒரு படகும் தாண்ட முடியாது. கரையில் நின்று நாலு பக்கமும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாலே, கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்பது புரிந்துவிடும்.

கோட்டை என்று மிஞ்சியிருப்பது செம்புரைக்கல் சுவர்களின் அடிப்பகுதிகளும் தோண்டி வெளிக்கொணர்ந்த அஸ்திவாரங்களும்தான். செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சுவரின் தடிமனைப் பாருங்கள். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்கென்றே கட்டிய சுவர் அது.

போர்த்துகீசியர்கள் 1523இல் இதைக் கட்டினார்கள். அப்போது இந்த ஆறு ஒரு எல்லைக்கோடு. வடக்கே கோழிக்கோட்டுச் சாமூதிரியின் செல்வாக்கு, தெற்கே அவர்களுடைய நண்பரான கொச்சி ராஜா. சாமூதிரியின் படை ஆற்றைக் கடந்து வைப்பின் தீவு வழியாகக் கொச்சிக்கு இறங்கிவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. நாளடைவில் மதிலுக்குள் ஓர் ஊரே வளர்ந்தது. பிரான்சிஸ்கன் துறவிகளின் கல்லூரி வந்தது, பிற்பாடு பேராயரின் இருக்கையும் வந்தது. அதே நூற்றாண்டில்தான் கொடுங்கல்லூர் யூதர்கள் ஊரை விட்டுக் கொச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். 1568இல் எழுந்த மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்துக்கு முந்தைய கதை இந்தக் கரையில் இருக்கிறது.

1662 ஜனவரியில் ரைக்லோஃப் வான் கோயன்ஸ் தலைமையில் வந்த டச்சுக்காரர்கள் பீரங்கியால் அடித்துக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டு கொச்சியும் விழுந்தது. அவர்களுக்கு இங்கே ஊர் தேவைப்படவில்லை. ஆற்றுக் காவலுக்கு ஒரு சிறு படை போதும் என்று கோட்டையைச் சுருக்கிவிட்டார்கள். அடுத்த நூறு வருடங்களுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் தேடி வந்த கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1776இல் ஹைதர் அலியின் தளபதி சர்தார் கான் சேற்றுவாவில் இருந்த டச்சுக் கோட்டையைப் பிடித்துவிட்டார். கொச்சி ராஜா மைசூருக்குக் கப்பம் கட்டத் தொடங்கினார். இனி ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பெரிய அரசு திருவிதாங்கூர் ஒன்றுதான். அதன் மகாராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, மக்கள் வாயில் தர்மராஜா, இந்த நாளை எதிர்பார்த்து முன்பே ஒரு பெரிய வேலையை முடித்து வைத்திருந்தார். கொடுங்கல்லூருக்கு எதிரே காயலோரம் உள்ள கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கி ஆனைமலை அடிவாரம் வரை, ஏறத்தாழ முப்பது மைல் நீளத்துக்கு மண் அரண், அகழி, மூங்கில் முள்வேலி. இதற்கு நெடுங்கோட்டை என்று பெயர். கட்டியவர் டச்சுப் படையில் இருந்த டிலனாய். 1741இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பிறகு அதே அரசின் தளபதியாக உயர்ந்தவர்.

நெடுங்கோட்டையில் ஒரு பலவீனம் இருந்தது. அதன் மேற்கு முனை தண்ணீரில் முடிகிறது. அரணை உடைக்க முடியாதவன் காயல் வழியாக அதைச் சுற்றிக்கொண்டு வரலாம். அதைத் தடுக்கக்கூடிய இடங்கள் இரண்டே: கொடுங்கல்லூர்க் கோட்டையும், ஆற்று முகத்துக்குத் தெற்கே பள்ளிப்புறத்தில் இருக்கும் ஆயக்கோட்டையும். இரண்டும் டச்சுக்காரர்களிடம் இருந்தன. அவர்களிடமோ பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆங்கிலேயரோடு நடந்த போரில் நொடித்துப் போயிருந்தார்கள். திப்பு இந்தக் கோட்டைகள் மீது கண் வைத்திருந்தது அவர்களுக்கும் தெரியும், தர்மராஜாவுக்கும் தெரியும்.

1789 ஜூலை 31 அன்று கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ஆங்கெல்பெக், இரண்டு கோட்டைகளையும் மூன்று லட்சம் ரூபாய்க்குத் திருவிதாங்கூருக்கு விற்றார். திருவிதாங்கூர் தரப்பில் பேசி முடித்தவர் திவான் கேசவப் பிள்ளை. திப்புவுக்குக் கோபம் தலைக்கேறியது. கோட்டை நிற்கும் நிலம் கொச்சியுடையது, கொச்சி எனக்குக் கப்பம் கட்டும் நாடு, குடியிருந்தவன் எப்படி விற்கலாம் என்பது அவர் வாதம். மதராஸில் இருந்த ஆங்கிலேய கவர்னர் ஹாலண்ட்கூட இந்த வியாபாரத்தை ரசிக்கவில்லை. கோட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி தர்மராஜாவுக்கு நெருக்கடி கொடுத்தார். தர்மராஜா மசியவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் மசிந்திருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் வாசலின் தாழ்ப்பாள் அடுத்தவன் கையில் இருக்கும்போது நிம்மதியாகத் தூங்க முடியுமா?

டிசம்பர் 29 அன்று திப்புவின் படை நெடுங்கோட்டைக்குள் நுழைந்தது. முதலில் எல்லாம் எளிதாகப் போனது. அப்புறம் மறைவில் இருந்து திருவிதாங்கூர் வீரர்களில் ஒரு சிறு கூட்டம் சுட ஆரம்பித்ததும், குறுகலான அந்த அரணில் முன்னால் போனவர்கள் திரும்பி ஓட, பின்னால் வந்தவர்கள் அகழியில் விழுந்து மிதிபட்டார்கள். திப்பு உயிர் தப்பினார். அவருடைய பல்லக்கும் முத்திரைகளும் எதிரியின் கையில் சிக்கின.

அவர் விட்டுவிடவில்லை. 1790 ஏப்ரலில் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து அரணை உடைத்தார். மே மாதம் கொடுங்கல்லூர்க் கோட்டையும் அவர் வசமானது. பிடித்த கையோடு அதை இடித்துத் தள்ளினார். இன்று நாம் பார்க்கும் அஸ்திவாரங்கள் அந்த இடிப்பில் மிஞ்சியவை. ஆலுவா வரை போன அவருக்கு அதற்கு மேல் வழி கிடைக்கவில்லை. பருவமழை இறங்கியது, பெரியாறு பெருகியது. அதே நேரத்தில், திருவிதாங்கூரின் கூட்டாளியான ஆங்கிலேயக் கும்பெனியின் ஜெனரல் மெடோஸ் திருச்சியிலிருந்து படையோடு கிளம்பிவிட்டார் என்ற செய்தியும் வந்தது.

மூன்றாம் மைசூர்ப் போர் அப்படித்தான் மூண்டது. மெடோஸின் படை கரூர் வழியாகக் கோயம்புத்தூரைப் பிடித்தது. ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தானபோது திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார், தன் இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். மலபார், திண்டுக்கல், பாராமகால் மூன்றும் கும்பெனிக்குப் போயின. பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம். பிற்பாடு மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ வரி வசூல் வேலையைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஆங்கிலேயருக்கும் திப்புவுக்கும் இடையே போர் என்றைக்காவது வந்தேதான் இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் மறுக்கவில்லை. ஆனால் அது 1790இல் வந்ததற்கும், திருவிதாங்கூர் தப்பியதற்கும், எங்கள் ஊரின் தலையெழுத்து மாறியதற்கும் இந்தக் கரையில் நடந்த ஒரு விற்பனைதான் காரணம். தமிழ்நாட்டுப் பாடங்களில் குளச்சல் போர் வருகிறது, ஸ்ரீரங்கப்பட்டணம் வருகிறது. நடுவே இருக்கும் இந்தக் கண்ணியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

விற்ற இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. கோட்டப்புறத்திலிருந்து அழிக்கோடு போனால், எதிர்க்கரையில் முனம்பம். இடையில் கடலுக்குள் விழும் ஆறு. மீன்பிடிப் படகுகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன, கரையோரம் சீன வலைகள். நீரோட்டத்தின் வேகத்தைப் பார்த்தால், இந்த இடத்தில் படையோடு கடப்பது எவ்வளவு கடினம் என்று விளங்கும்.

பள்ளிப்புறம் கோட்டை மிகச் சிறியது. ஆறு பக்கம் கொண்ட அறுகோண வடிவம், செம்புரைக்கல் சுவர். 1503இல் போர்த்துகீசியர்கள் கட்டியது, இந்தியாவில் இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கோட்டைகளில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. கோட்டப்புறத்தில் இடிந்ததைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே சுவர் முழு உயரத்தில் நிற்பதே பெரிய ஆறுதல். பக்கத்திலேயே மஞ்ஞுமாதா பேராலயம். திப்புவின் படை வந்தபோது பனிமூட்டம் ஆலயத்தை மறைத்துக் காப்பாற்றியது என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. படையெடுப்பின் பயம் ஓர் ஊரின் நினைவில் எப்படித் தங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டப்புறத்தை முதலில் பாருங்கள், பள்ளிப்புறத்தைப் பிறகு. வரிசை மாறினால் கதை குழம்பும். கோட்டப்புறம் படகுத்துறையிலிருந்து முசிறிஸ் சுற்றுலாப் படகுகள் போகின்றன. கோட்டையின் இருப்பிடத்தைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதற்காகவே அதில் ஏறலாம். பள்ளிப்புறத்திலிருந்து வைப்பின் சாலை வழியாக எர்ணாகுளத்துக்கு நிறையப் பேருந்துகள் உண்டு. நாகர்கோவில் பக்கத்து நண்பர்கள் கிளம்புமுன் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நெடுங்கோட்டையைக் கட்டிய டிலனாயின் கல்லறை, தமிழிலும் லத்தீனிலும் எழுதிய கல்வெட்டோடு அங்கேதான் இருக்கிறது.