புயல் கண்ணாடி: மூன்றாவது குழாயும் மோராகிவிட்டது

புயல் கண்ணாடி என்பது கற்பூரக் கரைசலை ஊற்றி மூடிய கண்ணாடிக் குழாய். உள்ளே படிகம் வளர்வதைப் பார்த்து வானிலையைச் சொல்லலாம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். நேற்று ராத்திரி 11 மணிக்கு நான் செய்துகொண்டிருந்த மூன்றாவது குழாயும் போயிற்று. தண்ணீர் ஒரு மில்லி கூடிவிட்டது, அவ்வளவுதான். கண்ணெதிரே குழாய் முழுக்க மோர் மாதிரி வெளுத்து, கொஞ்ச நேரத்தில் அடியில் தயிராக உட்கார்ந்துகொண்டது.

அளவு எல்லோரும் வைத்திருக்கும் அதே கணக்குதான்: கற்பூரம் 10 கிராம், எத்தனால் 40 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 33 மில்லி, வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) நவச்சாரமும் (அம்மோனியம் குளோரைடு) தலா 2.5 கிராம். இங்கிலாந்துக் குளிருக்கு இது பொருந்தும். சென்னையில் இப்போது என் அறையில் 33 டிகிரி. அந்தச் சூட்டில் கற்பூரம் மொத்தமும் கரைந்து, குழாய் வெறும் தண்ணீர் மாதிரித் தெளிந்து நிற்கிறது. தெளிவாக இருந்தால் நல்ல வானிலை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படைக்காரர் அட்மிரல் ஃபிட்ஸ்ராயின் குறிப்பு. ஏப்ரல் மாதச் சென்னையில் வெயில் அடிக்கும் என்று சொல்ல எனக்குக் கண்ணாடி எதற்கு?

அதனால் தண்ணீரைக் கூட்டிப் பார்க்கிறேன். தண்ணீர் கூடினால் கற்பூரம் கரைவது குறையும், இந்தச் சூட்டிலும் அடியில் படிகம் நிற்கும். கேட்க எளிது. வெந்நீர்ப் பாத்திரத்தில் குழாயை நிறுத்தி (எத்தனால் பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது, சொல்லவே வேண்டாம்), எல்லாம் தெளிந்ததும் இன்சுலின் ஊசியால் அரை மில்லி விட வேண்டும். வெளியே எடுத்து ஒரு ராத்திரி அப்படியே விட வேண்டும். காலையில் பார்த்துவிட்டு அடுத்த அரை மில்லி. 35 மில்லி வரை பொறுமையாகத்தான் போனேன். 35.5-இல் அடியில் விரல் நுனி அளவுக்குப் பெரணி இலை போல ஒரு படிகம் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டுமே என்ற ஆசையில், ராத்திரி இடைவெளியும் விடாமல் அடுத்தடுத்து இரண்டு அரை மில்லி. மோர். இன்னும் எத்தனால் விட்டால் மீட்டுவிடலாம், ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பன் கொடுத்தது தீர்ந்துவிட்டது. முதல் குழாய்க்கு சானிடைசர் ஊற்றிய கதையை நினைவுபடுத்தாதீர்கள். அதில் கிளிசரின் இருக்கிறது, கூழ்தான் மிஞ்சும்.

பொருள் தேடுவோருக்கு: பூஜைக் கற்பூரத்தில் ஒன்றை எவர்சில்வர் கரண்டியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். எதுவும் மிஞ்சாமல் எரிந்தால் வாங்கலாம். நான் முதலில் வாங்கிய பாக்கெட் கரண்டியில் வெள்ளைத் தழும்பு விட்டது. நவச்சாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வாங்குவது அதுதான். வெடியுப்புக்கு அலைய வேண்டாம். மாடித்தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் 13-0-45 உரம் பொட்டாசியம் நைட்ரேட்தான். கரைத்து வடிகட்டிக்கொண்டால் போதும்.

இத்தனை பாடுபடுத்தும் கண்ணாடியை ஃபிட்ஸ்ராயே பெரிதாக நம்பவில்லை. 1825 முதல் இவற்றை வேடிக்கைப் பொருளாகத்தான் வைத்திருந்ததாக 1863-இல் வந்த தன் வானிலைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய நம்பிக்கை எல்லாம் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் மேல், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது. 1828-இல், 23 வயதில், பீகிள் கப்பல் அவர் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய கேப்டன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். அடுத்த ஜனவரியில் தென் அமெரிக்காவின் மால்டொனாடோ அருகே திடீர்ச் சூறாவளி கப்பலைச் சாய்த்துப் போட்டது, இரண்டு மாலுமிகள் போனார்கள். புயல் வரும் என்று பாரோமீட்டர் முன்பே இறங்கிக் காட்டியிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

டார்வினை ஏற்றிக்கொண்டு 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றியது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வரும் ஃபிட்ஸ்ராய். நியூசிலாந்து கவர்னர் வேலையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட மனிதர், 1854-இல் பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் வானிலைப் பிரிவுக்குத் தலைவராகிறார். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் கப்பல் புயலில் சிக்கி வேல்ஸின் ஆங்கிள்சி கரையில் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு கடலோர ஊர்களிலிருந்து தந்தியில் அளவுகளை வரவழைத்து, 1861-இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு அதே பழக்கத்தில் வந்ததுதான். அதே வருடம் ஆகஸ்ட் 1 அன்று 'டைம்ஸ்' நாளிதழில் முதல் அன்றாட வானிலைக் கணிப்பு வந்தது. தவறியபோதெல்லாம் கேலி செய்தார்கள். கடன், உடல்நலக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து 1865 ஏப்ரல் 30 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடமே பத்திரிகைக் கணிப்பை நிறுத்திவிட்டார்கள். புயல் எச்சரிக்கையையும் நிறுத்திப் பார்த்து, 1867-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு மில்லி தண்ணீருக்கு நான் புலம்புவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது குழாயைக் குன்னூரில் இருக்கும் அக்காவிடம் கொடுத்திருந்தேன், அதே பழைய அளவு. நேற்று போன் செய்தாள். "நட்சத்திரம் நட்சத்திரமா விழுதுடா. ஆனா இங்க காத்தும் இல்ல, மழையும் இல்ல, குளிர் மட்டும்தான்." மூடிய குழாய்க்குள் காற்றழுத்தம் எங்கே போகும்? குளிரைத்தான் காட்டுகிறது. வீட்டில் இருக்கும் தெர்மாமீட்டர் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. ஆனாலும் அந்தப் பெரணி இலையை விட மனசு வரவில்லை.

நான்காவது குழாய் எத்தனால் வந்ததும். 35.5 மில்லியில் நிறுத்துவேன். அதற்குள் கறுப்பு கான்வாஸ் வாங்கி, மாடிக் கொடிக்கம்பத்தில் ஏற்ற ஒரு கூம்பு தைத்துக்கொண்டிருக்கிறேன். வளையத்துக்குப் பழைய சைக்கிள் ரிம் ஒன்று கிடைத்தது, கம்பிகளைத்தான் இன்னும் கழற்றவில்லை.