மூக்கில் 78 கிலோ சரியாக இருந்தும் கேரவன் வாலாட்டிய கதை

நேற்று மாலை காருக்குப் பின்னால் கேரவனை, அதாவது இழுத்துப்போகும் சக்கர வீட்டை, மாட்டிக்கொண்டு 85 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கன்டெய்னர் லாரி எங்களைத் தாண்டிப் போனது. கேரவன் ஒரு முறை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, ஒரு முறை லாரிப் பக்கம் இழுபட்டு, அப்படியே காருக்குப் பின்னால் அடங்கிவிட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி "ரெண்டுதாங்க" என்றாள். இந்த "ரெண்டு" என்ற எண்ணுக்காக மூன்று மாதம் உழைத்திருக்கிறேன். முன்பெல்லாம் 80-லேயே ஐந்தாறு தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும்.

ஒற்றை அச்சு கேரவன். பயணத்துக்கு ஏற்றிய நிலையில் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது 1270 கிலோ இருந்தது, அனுமதி 1300. காரின் எடை 1550. அதாவது கேரவன் காரின் எடையில் 82 சதவீதம், எல்லாரும் சொல்லும் 85-க்குள் வந்துவிடுகிறது. ஆகவே கார் போதவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, கோளாறு வேறெங்கோ இருந்தது.

டயரை முதலில் பார்த்தேன். காரின் பின்சக்கரங்களில் 33 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், கதவோர ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கு 41 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பின் டயரின் பக்கச்சுவர் தளர்ந்திருந்தால் காரின் பின்பகுதியே கேரவனோடு சேர்ந்து அசையும், அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கேரவன் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 2316 என்ற எண்: 2016-ஆம் வருடம் 23-வது வாரம். மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தன. இரண்டையும் மாற்றினேன். அங்கேயும் ஒரு வயிற்றெரிச்சல். கடைக்காரர் "புது டயர்" என்று எடுத்து வைத்ததன் தேதியைக் குனிந்து படித்தால் அது மூன்று வருடமாகக் கிடங்கில் கிடந்த சரக்கு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தேதியைப் போட்டோ எடுத்து அனுப்பிய இன்னொருவரிடம் வாங்கினேன். லோடு இன்டெக்ஸ் 96, ஒரு டயருக்கு 710 கிலோ, இரண்டுக்கும் சேர்த்து 1420. போதும்.

அப்புறம் நோஸ் வெயிட், அதாவது கேரவனின் மூக்கு காரின்மேல் அழுத்தும் எடை. இதில்தான் என் வார இறுதிகள் எல்லாம் போயின. கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் பின்னால் இருக்கும் இழுவைப் பந்தின்மேல் உட்கார வேண்டும் என்ற கணக்குப்படி எனக்கு 64-லிருந்து 89 வரை, ஆனால் அந்தப் பந்தைத் தாங்கும் டோ பார் தாங்குவது 85 மட்டுமே. பந்தைக் கவ்வும் கேரவன் மூக்கின் கப்ளிங்கில் 100 என்று போட்டிருக்கிறது. இரண்டில் குறைந்ததுதான் நமக்கு எல்லை, ஆகவே 75-லிருந்து 82-க்குள் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின், மேலே ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் செங்குத்தாக ஒரு கட்டை, கட்டையின்மேல் கப்ளிங். கேட்க எளிது. முதல் தடவை 72 காட்டியது, அடுத்த வாரம் ஒரு பொருளைக்கூட நகர்த்தாமல் 78 காட்டியது. மெஷின் பழுது என்று நினைத்து என் எடையையே பத்து தடவை பார்த்தேன், அது மாறவேயில்லை. கடைசியில் பிடிபட்டது கட்டையின் உயரம். முதல் வாரம் வைத்த கட்டை நீளமானது, கேரவனின் மூக்கு 12 சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்கி நின்றிருக்கிறது. கேரவனின் கனம் அச்சுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் மூக்கைத் தூக்கினால் பாரம் பின்னால் சரிகிறது, மூக்கில் எடை குறைகிறது. கையால் தொட்டுப் பார்த்த மாதிரி அன்றைக்குத்தான் அது புரிந்தது.

ஆகவே காரில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, டிக்கியில் வழக்கமான சாமான்களை ஏற்றி, கேரவனையும் மாட்டி, தரையிலிருந்து பந்தின் நடுப்பகுதி எத்தனை உயரம் என்று அளந்தேன். 395 மில்லிமீட்டர். கேரவனும் கிட்டத்தட்ட மட்டமாக, ஒரு சிறு துளி மூக்கு தாழ்ந்து நின்றது, அப்படித்தான் இருக்க வேண்டும். மெஷின், பலகை எல்லாம் சேர்த்துக் கப்ளிங் அதே உயரத்துக்கு வரும்படி ஒரு கட்டையை அறுத்து, அதில் பேனாவால் 395 என்று எழுதிவைத்திருக்கிறேன். இனி வேறு கட்டை கிடையாது. சமதரை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு, மூக்கைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலை மெதுவாகச் சுற்றி எடை முழுவதையும் கட்டைமேல் இறக்க வேண்டும், அந்தச் சிறு சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அளவு பொய். மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். 78, 78, 78.

இவ்வளவு சரியாக வந்த பிறகும் ஆடியது!

அடுத்து ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் மேல் சந்தேகம். எங்களுடையது பந்தை இரண்டு பக்கமும் உராய்வுப் பேடால் இறுக்கிப் பிடிக்கும் வகை. கழற்றிப் பார்த்தால் பேடு இரண்டும் கறுத்துப் பளபளவென்று எண்ணெய் குடித்திருந்தன. டோ பாரை மாட்டித் தந்தவர் பந்துக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கிரீஸ் தடவியிருக்கிறார், நானும் அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டேன். இந்த வகைக்கு வெறும் உலோகப் பந்துதான் வேண்டும், பெயின்ட்டும் ஆகாது, கிரீஸும் ஆகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துணியில் கறை வராத வரைக்கும் துடைத்து, புதுப் பேடு போட்டேன். மறுநாள் ஓட்டியபோது அப்படி ஒரு நிம்மதி. முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. இரண்டு வாரம் கழித்து நீண்ட இறக்கம் ஒன்றில், 80-ஐத் தாண்டிய நேரத்தில், ஒரு பேருந்து கடந்துபோனது. சின்னதாகத் தொடங்கிய ஆட்டம் அடங்காமல் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே வந்தது, ஸ்டியரிங் கையில் துடித்தது. "ஏங்க, மெதுவா, மெதுவா" என்று மனைவி சொல்வது மட்டும் காதில் விழுந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன், பிரேக்கை மிதிக்கவில்லை, எதிர்த்திசையில் திருப்பவும் இல்லை. வேகம் 65-க்கு வந்ததும் தானாக நின்றது. இறக்கத்தில் கேரவன் காரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் சமதரையில் தெரியாத கோளாறு அங்கே வெளியே வந்துவிடும். வேகம் கூடக்கூட ஆட்டத்தை அடக்கும் சக்தி குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் இல்லாமலே போகிறது, அதற்கு மேலே போனால் ஆட்டம் வளரத்தான் செய்யும். பேடு அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தது, அவ்வளவுதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை.

அன்றிரவு ஒரு தாளில் கேரவனின் படத்தைப் போட்டு, எந்தப் பொருள் அச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதினேன். பின்சுவரில் சைக்கிள் ஸ்டாண்டும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 32 கிலோ, அச்சுக்கு 2.8 மீட்டர் பின்னால். பந்து அச்சுக்கு 4 மீட்டர் முன்னால். அந்தச் சைக்கிள்கள் மட்டுமே மூக்கிலிருந்து 22 கிலோவைத் தூக்கிவிடுகின்றன. அதை ஈடுகட்டத்தான் நான் ஆனிங் கூடாரத்தையும் கருவிப்பெட்டியையும், மொத்தம் 30 கிலோ, முன்பெட்டியில் அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் திணித்து மெஷினில் 78 வரவழைத்திருக்கிறேன். முன்பாரமும் பின்பாரமும் சமமாகிவிட்டன, மெஷினும் சரி என்றது. ஆனால் இரண்டு முனையிலும் கனம் கட்டிய கம்பை நடுவில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடத் தொடங்கினால் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று கைக்கே தெரியும். இதில் தூரம் இருமடியாகப் பெருகுகிறது: 32 கிலோவை 2.8-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 251, 30 கிலோவை 3-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 270, மொத்தம் 521. அதே 62 கிலோவை அச்சுக்கு அரை மீட்டருக்குள் வைத்தால் 16-கூட வராது. மெஷின் காட்டும் எடை அதே 78-தான். அந்த மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

மறுநாளே ஸ்டாண்டைக் கழற்றினேன். சைக்கிள்களின் முன்சக்கரத்தை எடுத்துவிட்டு, பழைய பாயை விரித்து, அச்சுக்கு நேர் மேலே தரையில் படுக்க வைத்துப் பட்டையால் இறுக்கினேன். ஆனிங் அதற்கு ஒரு கை அகலம் முன்னால். பின்பக்க அலமாரியில் இருந்த டப்பாக்கள், கருவிகள் எல்லாம் நடுவே சோபாவுக்கு அடியில். 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே ஓட்டுகிறேன், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மறுபடி 395 கட்டை, மறுபடி மெஷின்: 80.

முதலில் 70, அப்புறம் 75 என்று ஏறினோம், லாரி கடக்கும்போதெல்லாம் மனைவி எண்ணி நோட்டில் எழுதினாள். 75-ல் ஒன்று, 80-ல் இரண்டு, நேற்று 85-லும் இரண்டு. அந்த இறக்கத்தில் இன்னும் போகவில்லை. போகும்போது 70-க்கு மேல் விடமாட்டேன்.

இன்னும் கை வைக்காதது பேட்டரி. 20 கிலோவுக்குமேல் இருக்கும், முன்பெட்டியில் கிடக்கிறது. அதை அச்சுக்குப் பக்கத்தில் இருக்கைக்கு அடியில் கொண்டுவந்தால் மூக்கு எடை குறையும், அதைச் சரிக்கட்ட வேறு எதையாவது நகர்த்த வேண்டும், தாளில் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். கேபிள் நீளமாவதால் தடிமனாக வாங்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்தில் காற்றோட்டத் துளையும் வேண்டும். ஆட்டம் தெரிந்தவுடன் தானே பிரேக் போடும் எலெக்ட்ரானிக் கருவியும் மனதில் இருக்கிறது, ஆனால் பேடு ஏமாற்றிய மாதிரி அதுவும் மறைத்துவிடக் கூடாது என்பதால் பாரத்தை முழுக்க ஒழுங்குபண்ணிய பிறகுதான். அதற்கு முன் எடைமேடையில் இடது சக்கரம், வலது சக்கரம் தனித்தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். சமையல் மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே பக்கமாக இருப்பது இப்போதுதான் உறுத்த ஆரம்பித்திருக்கிறது.