பரணில் ஏறிய வடைச்சட்டி

ஜனவரி 6, 2024

ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் 214, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 118, நல்லது எனப்படும் எச்.டி.எல். 34, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 310. கடைசியாகச் சொன்னது 150-க்குள் இருக்க வேண்டுமாம். பழி நேராக எண்ணெயின் தலையில் விழுந்தது. மாலைக்குள் வடைச்சட்டி பரணில் ஏறிவிட்டது.

ஜனவரி 20

தாளிக்காத ரசம், சுட்ட அப்பளம், ஆவியில் வெந்த இட்லி. ருசி குறைந்ததாலோ என்னவோ, சோறு ஒரு கரண்டி கூடுதலாகவே இறங்குகிறது. இட்லியும் நாலிலிருந்து ஆறாகிவிட்டது. ஆவியில் வெந்ததுதானே!

பிப்ரவரி 24

மறுபரிசோதனை. எல்.டி.எல். 101-க்கு இறங்கியிருக்கிறது. டிரைகிளிசரைடோ 320. எச்.டி.எல். 31. மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்றார். ஒப்பித்தேன். ஆறு இட்லி, மதியம் மூன்று முறை சோறு, இரவு உப்புமா, இடையில் இரண்டிரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஐந்து டீ. "இதில் எண்ணெய் எங்கே இருக்கிறது?" என்றார்.

பிப்ரவரி 25

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். அளவுக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடுகிறது. என் 320-இல் பெரும்பங்கு அந்தச் சரக்குதான். சரக்கு மிகுந்தால் அதில் கொஞ்சம் எச்.டி.எல்.-க்கும் கைமாறுகிறது, அப்படிக் கொழுத்த எச்.டி.எல். சீக்கிரமே சிதைந்து வெளியேறிவிடுகிறது. ஒன்று ஏற மற்றது இறங்குவது அதனால்தான். இந்த ஜோடி நம் நாட்டில் மிகச் சகஜம் என்றார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பல ஆய்வகங்களில் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் வகுத்த கணக்கைப் போடுகிறார்கள். மொத்தத்தில் எச்.டி.எல்.-ஐயும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 196, கழித்தல் 31, கழித்தல் 64. சரியாக 101! டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாதாம்.

மார்ச் 17

சோறு ஒரு கிண்ணம். டீயில் சர்க்கரை கிடையாது. முதல் வாரம் கஷாயம்போல் இருந்தது, இப்போது பழகிவிட்டது. மாலையில் சுண்டல், நாற்பது நிமிட நடை. மாமா தொலைபேசியில், "மாப்பிள்ளை, கொழுப்பு நிரபராதி, சோறுதான் குற்றவாளி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கேட்கவா வேண்டும்? கீரையில் இரண்டு கரண்டி நெய், மூன்று வேளையும் தேங்காய்ச் சட்னி.

ஜூன் 8

டிரைகிளிசரைடு 180! எச்.டி.எல். 38. பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. மார்தட்டிக்கொண்டே அடுத்த வரியைப் படித்தேன். எல்.டி.எல். 141.

மருத்துவர் சிரித்துவிட்டார். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும், நெய்யில் பாதிக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு. அது மிகுந்தால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்திழுக்கும் கல்லீரலின் ஏற்பிகள் குறைந்துபோகும். அறிக்கையில் சோற்றுக்கு ஒரு வரி, நெய்க்கு ஒரு வரி. நான் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறேன். மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 9

நல்லெண்ணெயில் வதக்கிய வெண்டைக்காய், கிண்ணச் சோறு, நிறையப் பருப்பு. நெய் ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது. எண்ணெய்தான் விடுதலையாகிவிட்டதே, வடைச்சட்டியை இறக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"அது அங்கேயே இருக்கட்டுங்க, அடுத்த ரிப்போர்ட் வரட்டும்" என்றாள்.