கே.டி.எச் வானும் நொசில் வொஷரும்

அக்கரைப்பற்றிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எயாபோட் ஹயர் ஓடுகிற வானும், காத்தான்குடியிலிருந்து இரவோடு இரவாகக் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகிற வானும் பெரும்பாலும் ஒரே சாதிதான்: டொயோட்டா ஹயேஸ் கே.டி.எச். கேடி என்பது எஞ்சின் குடும்பத்தின் பெயர், எச் என்றால் ஹயேஸ். இதற்குள் இரண்டு எஞ்சின் வந்தது. 2004இல் இந்த உருவம் வந்தபோது இருந்தது 2கேடி, 2494 சிசி. பிறகு வந்தது 1கேடி, 2982 சிசி. 2017இன் கடைசியில் ஜப்பான் ஹயேஸில் 1கேடியின் இடத்தை 2754 சிசி 1ஜிடி பிடித்துக்கொண்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறக்கும்வரை நம் பக்கத்தில் விலை ஏறி ஏறிக் கைமாறியது பழைய 1கேடிதான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, மேலே இரண்டு கேம். சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 103. புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். டீசல் தெளிக்க டென்சோ கொமன் ரெயில், அதாவது உயர் அமுக்க டீசலை ஒரே பொதுக்குழாயில் சேர்த்து நொசில்களுக்குக் கொடுக்கிற முறை. டர்போ உள்ளே இதழ் அசைகிற வகை. ஜப்பான் ஹயேஸில் முதலில் 136 குதிரைவலு, 300 நியூட்டன் மீற்றர். 2010க்குப் பிறகு 144. இதே எஞ்சின் அவுஸ்திரேலிய ஹைலக்ஸில் 171 குதிரைவலு கொடுத்தது. அதாவது ஹயேஸில் எஞ்சினைக் கசக்கிப் பிழியவில்லை. புளொக், கிராங்க், பெயாரிங் எல்லாம் ஒழுங்காக ஒயில் கிடைத்தால் லேசில் தேயாது. ஆனால் ஒயில் கிடைக்காமல் போவதற்கு இந்த எஞ்சினுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது.

சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கிற ஒவ்வொரு நொசிலும் ஹெட்டில் உட்காரும் இடத்தில், அடியில் ஒரு செம்பு வொஷர். விரல் நகத்தளவு. அதன் வேலை எரிகிற காற்றைச் சிலிண்டருக்குள்ளேயே வைத்திருப்பது. எரியும் நேரம் உள்ளே நூறு பாருக்கு மேல் அமுக்கம். ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறுகிற செம்பு தன் இறுக்கத்தை இழக்கிறது. முதலில் ஒரு மயிரிழை வழி கிடைக்கும். அதன் வழியே கரிக்காற்று நொசில் குழிக்குள் ஏறி, வால்வு கவருக்குள் போய், அங்கே தெறிக்கிற ஒயிலோடு சேர்ந்து தாராகிறது. தார் காய்ந்து கரிச்செதிலாகி ஒயிலோடு எஞ்சின் அடியில் உள்ள ஒயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு இறங்குகிறது. சம்ப்பின் அடியில் ஒயில் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. செதில் எல்லாம் போய் அந்த வலையில் அப்பிக்கொள்ளும்.

பிறகு நடப்பது தெரிந்ததுதான். முதலில் பசியில் வாடுவது டர்போ, பிறகு கிராங்க் பெயாரிங். ஒயில் லைட் எரியும் என்று காத்திருந்தால் கதை முடிந்துவிடும். அந்த சுவிட்ச் அமுக்கம் அநேகமாக இல்லாமல் போனபிறகுதான் கண்ணைத் திறக்கும். மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போது அரைவாசி அடைத்த வலை எவ்வளவு ஒயில் விடும்?

அறிகுறி இல்லாமல் இது வராது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, எஞ்சினுக்கு மேலுள்ள முன் சீட்டைத் தூக்கிவிட்டு, காதை வைத்துக் கேளுங்கள். "சக் சக்" என்று மூச்சு விடுகிற சத்தம் நொசில் பக்கத்திலிருந்து வந்தால் வொஷர். நொசில் ஹெட்டில் இறங்குகிற இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கரி மேலோடு கட்டியிருந்தாலும் அதுதான். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தை விரலால் தடவுங்கள். வழுக்கினால் பரவாயில்லை, கிறீஸ் மாதிரி ஒட்டிக்கொண்டு சொரசொரத்தால் சம்ப்பைக் கழற்ற வேண்டும். மூடியைத் திறந்ததும் காற்று அடித்து வெளியே வந்தால் அது பிஸ்டன் ரிங் தேய்ந்ததாகவும் இருக்கலாம். கொம்ப்ரஷன் பார்க்காமல் எஞ்சின் இறக்கச் சொல்கிற கராஜ் பாஸிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். "டீசல் எஞ்சின் எண்டா அப்படித்தான் சத்தம் போடும்" என்ற ஒரு வாக்கியம் நம் பக்கத்தில் எத்தனையோ எஞ்சினைத் தின்றிருக்கிறது.

வொஷர் மாற்றுவது பெரிய வேலையல்ல, சுத்தமான வேலை. முதலில் சுற்றுப்புறத்தைக் காற்றடித்துத் துடைக்க வேண்டும். நம் வீதி மணல் ஒரு பொட்டு ஹைபிரஷர் பைப்புக்குள் போனாலும் நொசில் போச்சு. கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே மூட வேண்டும். நொசிலை இழுத்தபின் பழைய வொஷர் பல நேரம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கிடக்கும். அதைப் பார்க்காமல் மேலே புதியதைப் போட்டால் நொசில் உயரம் கூடி டீசல் தெளிக்கிற இடம் மாறிவிடும். உட்காரும் இடத்தைச் சீட் கட்டரால் கரி நீங்கச் சுரண்டி, விழுந்த கரியை எடுத்து, புது வொஷர் போட்டு, கிளாம்ப் போல்ட்டை டொர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். கை மதிப்பில் இறுக்கினால் ஒன்று கசியும், இல்லாவிட்டால் ஹெட்டின் புரி போகும். பழைய செம்பு வொஷரைப் பழுக்கக் காய்ச்சிப் போடுகிற பழக்கம் சில கராஜில் இன்னும் இருக்கிறது. லொறியின் பழைய எஞ்சினுக்கு அது ஓடியிருக்கும். இதற்கு வேண்டாம்.

இன்னொன்று: இந்த எஞ்சினில் நொசில்களின் ரிட்டர்ன் பைப் வால்வு கவருக்குள்ளே ஓடுகிறது. அதன் சின்ன வொஷர் கசிந்தால் டீசல் வெளியே சிந்தாது, நேரே ஒயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். கவரை மூடுமுன் ரிட்டர்ன் லைனுக்குக் காற்று அமுக்கம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வொஷர் மாற்றின கையோடு கீழ்ச் சம்ப்பையும் கழற்றுங்கள். அது தனித் தகடு. போல்ட்டைக் கழற்றிச் சீலிங்கை மெல்ல அறுத்தால் இறங்கிவிடும், வலை கண்ணுக்கு முன்னால். மேலே வொஷரை மட்டும் மாற்றிவிட்டு அடியில் கரியை விட்டுவைப்பது அரைவேலை. ஒயில் பில்டரோடு ஏறத்தாழ 7 லீற்றர் பிடிக்கும். கடைசி அரை லீற்றரை டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். கம்பனி சொல்கிற இடைவெளி எதுவாகவும் இருக்கட்டும், நம் வெயிலுக்கும் ஏசி போட்டபடி நின்று ஓடுவதற்கும் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதே என் கணக்கு.

நொசிலே கெடுவது வேறு. காலையில் முதல் சில வினாடி இரும்பைத் தட்டுகிற மாதிரிச் சத்தம், வெள்ளைப் புகை. ஸ்கேனரில் எஞ்சின் சூடாகி ஐடிலில் நிற்கும்போது நான்கு சிலிண்டருக்கும் பீட்பேக் கணக்கு, அதாவது எஞ்சின் சீராக ஓட ஒவ்வொன்றுக்கும் கூட்டிக் குறைக்கிற டீசல் அளவு வரும். கூட்டலோ கழித்தலோ 3 கன மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். எல்லையைத் தொட்டதைக் கழற்றிப் பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் பாருங்கள். ஒழுகுகிற நொசிலைத் தள்ளிப்போட்டால் டீசல் பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் எரிந்து பிஸ்டனிலேயே வெடிப்பு விழும். 1கேடிக்கு உலகம் முழுக்க உள்ள கெட்டபெயர் இது. நொசில் மாற்றினால் அதன் தலையில் உள்ள 30 எழுத்துக் கோடை எஞ்சின் கம்பியூட்டரான ஈசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் கொடுத்தால் பாதிக் காசைத்தான் கொடுக்க வேண்டும்.

ஐடில் ஏறி இறங்கி, ஓடும்போது இழுத்து இழுத்து, பி1229 கோட் விழுந்தால் பம்ப் முழுவதையும் மாற்ற அவசரப்படாதீர்கள். பம்ப்பில் டீசல் உள்ளே வருவதை அளக்கிற எஸ்சிவி வால்வு இரண்டு போல்ட்டில் இருக்கிறது. அநேகமாக அதுதான் இறுகியிருக்கும். மாற்றியபின் ஸ்கேனரில் பம்ப்பைப் புதிதாகப் படிக்க வைக்க வேண்டும். அது ஏன் இறுகியது? தண்ணீரும் தூசும். 2022 தட்டுப்பாட்டில் கேனில் சேர்த்து வைத்த டீசலுக்குள் அடியில் நின்ற தண்ணீர் எத்தனை பம்ப்பைத் தின்றதென்று பம்ப் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். பில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மேலுள்ள கைப்பம்ப்பை அமுக்கினால் தண்ணீர் வெளியேறும். மாரி காலத்தில் மாதம் ஒருமுறை, வெறும் இரண்டு நிமிட வேலை.

ஏற்றத்தில் இழுவை இல்லாமல் கறுப்புப் புகை தள்ளினால் முதலில் டர்போ ஹோஸ் வெடித்திருக்கிறதா பாருங்கள். அடுத்து இன்டேக்கைக் கழற்றுங்கள். ஈஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்டேக்குக்கு விடுகிற வழி) கொண்டுவரும் கரியும் ஒயில் ஆவியும் சேர்ந்து வழியைப் பாதியாக்கியிருக்கும். கடைசியில்தான் டர்போ இதழும் அதை அசைக்கிற மோட்டரும். புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎப் பில்டர் உள்ள வண்டிக்கு முடிந்தால் யூரோ 4 சுப்பர் டீசலே போடுங்கள், ஒட்டோ டீசலின் கந்தகத்தை அந்தப் பில்டர் தாங்காது.

டைமிங் பெல்ட்டுக்கு டேஷ்போர்டில் ஒரு லைட் உண்டு, நாட்டைப் பொறுத்து 100,000 அல்லது 150,000 கிலோமீற்றரில் எரியும். மீற்றரைக் குறைத்து விற்ற வண்டியில் அந்த லைட்டை நம்ப முடியுமா? சிலர் பெல்ட்டைத் தொடாமல் லைட்டை மட்டும் அணைத்தும் விடுகிறார்கள். வாங்கின கையோடு பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். வோட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டில் ஓடுவதில்லை, அதைச் சேர்த்து மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லாறு, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலும் வாவியும் ஒட்டிய நிலத்தடி நீரில் உப்பு உண்டு. அலுமினிய ஹெட்டை அது உள்ளிருந்து அரிக்கும். கூலன்ட் வாங்க மனமில்லாவிட்டால் மழைத்தண்ணியையாவது பிடித்து வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சின் போய், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் வாங்குவதானால், கடைக்காரர் "ஜப்பான் எஞ்சின், அப்படியே போடலாம்" என்பார். அதற்குள்ளேயும் அதே வொஷர், அதே வயது. வண்டிக்குள் ஏற்றுமுன், தரையில் இருக்கும்போதே நான்கு நொசிலையும் தூக்குங்கள், கீழ்ச் சம்ப்பைக் கழற்றி வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தரையில் அது அரைநாள் வேலை. ஏற்றியபின் செய்வதென்றால் சீட்டைத் தூக்கி, வானுக்குள் குனிந்து, இரண்டு நாள்.