நிறுத்திவிட்டாயா?

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னார்கள். விளையாட்டு விழாவையும் சத்துணவு வரிசையையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். என் நினைவில் நிற்பது ஓர் ஆங்கில வினைச்சொல்: பிரிசப்போஸ் (presuppose).

கோபிச்செட்டிபாளையம் பக்கம் படித்தவர்களுக்குப் பள்ளி மதிலை ஒட்டிய மாந்தோப்பு மறந்திருக்காது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஆங்கில ஐயா என்னை எழுப்பி, "மாங்காய் திருடுவதை நிறுத்திவிட்டாயா?" என்றார். "நிறுத்திவிட்டேனுங்க சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. உஷாரான பக்கத்து பெஞ்சுக்காரன், தன்னைக் கேட்டபோது, "இல்லைங்க சார்" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. எந்தப் பதில் சொன்னாலும் திருடியது திருடியதுதான். கேள்வியே அதைப் பிரிசப்போஸ் செய்துவிட்டது, அதாவது நடந்ததாகவே முன்கூட்டி வைத்துக்கொண்டுவிட்டது என்றார் ஐயா. (என் வரையில் திருட்டு உண்மை. ஆனால் மாங்காய் அல்ல, புளியங்காய்.)

லத்தீனில் 'முன்', 'அடியில்', 'வை' என்ற மூன்றும் சேர்ந்த சொல்லாம். வீட்டுக்குக் கடைக்கால் போடுவது போல என்றார். அஸ்யூம் (assume) என்பது ஆதாரம் இல்லாமலே ஒன்றை வைத்துக்கொள்வது. பிரிஸ்யூம் (presume) என்றால் கொஞ்சம் ஆதாரம் இருக்கும். இரண்டும் ஆள் செய்யும் வேலை. பிரிசப்போஸ் செய்ய ஆளே வேண்டியதில்லை. ஒரு வாக்கியமோ திட்டமோ தானே செய்யும்.

யாருக்கும் ஏறவில்லை. உடனே கீழ்பவானி வாய்க்காலுக்கு வந்துவிட்டார். "தண்ணீர் திறப்பார்கள் என்று உன் அப்பா நினைத்தால் அது அஸ்யூம். நினைப்பை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். கடலை போட அவர் ஓட்டிய உழவு இருக்கிறதே, அது தண்ணீரைப் பிரிசப்போஸ் செய்கிறது. தண்ணீர் வராவிட்டால் அந்த உழவுக்கு அர்த்தமே இல்லை." 200 கிலோமீட்டர் வாய்க்காலில் எங்கள் மதகுக்கு எந்தப் போகத்தில் முறை என்பதை வைத்தே கல்யாணத் தேதி குறித்த வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். அன்றைக்குப் புரிந்துவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட தமிழ் ஐயா சும்மா இருப்பாரா? இதுவேதான் மணிமேகலையில் அருத்தாபத்தி என்ற அளவை, அதாவது ஒன்றை அறியும் வழி என்றார். கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் கரையில் என்று கொள்வதாம். இரண்டும் ஒன்றல்ல என்றே இன்றும் நினைக்கிறேன்; அவரிடம் சொல்லும் துணிச்சல் அப்போது இல்லை.

சிங்கப்பூரில் எனக்கு ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்கும் வேலை. எழுதாமல் அடியில் கிடக்கும் நிபந்தனைகளைத் தேடித்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில், "எப்போது ஊருக்கு வருகிறாய்?" என்று கேட்பார். வருவாயா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. "தை பிறந்ததும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.