புயலுக்கு அப்புறமும் ஆறு வருஷம்

கன்வென்ஷன் பந்தலில் ஜான் நியூட்டன் கதையைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அடிமைக் கப்பல்காரர், நடுக்கடலில் புயல், ஆண்டவரே இரங்கும் என்று கதறினார், கப்பல் தப்பியது, அன்றோடு அந்தத் தொழிலை உதறிவிட்டு 'அமேசிங் கிரேஸ்' என்ற பாட்டை எழுதினார், அல்லேலூயா. ஐந்து நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். கீபோர்டு மெதுவாக ஆரம்பிக்கும், ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாங்க என்பார் பிரசங்கியார்.

அதில் அவர்கள் விட்டுவிடுகிற பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புயல் அடித்தது 1748 மார்ச்சில். நியூட்டனுக்கு அப்போது 22 வயது, மாலுமிகளே முகம் சுளிக்கிற அளவுக்குத் தேவதூஷணம் பேசுகிற ஆள். கிரேஹவுண்ட் என்ற அந்தக் கப்பல் உடைந்து தண்ணீர் புகுந்து, பம்ப் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, கடைசியில் எப்படியோ அயர்லாந்தில் கரை சேர்ந்தார்கள். அந்த நாளை அவர் வருஷா வருஷம் நினைத்து ஜெபித்தார், அதெல்லாம் உண்மை. ஆனால் அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன் ஆனதே அந்தப் புயலுக்கு அப்புறம்தான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணம். மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளுக்கு ஆராதனை நடத்துவார், கீழ்த்தளத்தில் ஜனங்கள் சங்கிலியில் கிடப்பார்கள். இரண்டும் ஒரே கப்பலில்! அவர் எழுதிவைத்த குறிப்பேடு இன்றைக்கும் இருக்கிறது. செத்தவர்களுக்கு அதில் பெயர் கிடையாது, எண்தான். 1752-ல் அடிமைகள் கலகத்துக்குத் திட்டம் போட்டது தெரியவந்ததும், உள்ளே ஆயுதம் கொடுத்ததாகச் சில பையன்களைப் பிடித்து, உண்மையை முழுசாக ஒப்புக்கொள்ள வைப்பதற்காகக் கட்டைவிரலை நசுக்கும் திருகில் 'லேசாக' மாட்டியதாகவும் எழுதியிருக்கிறார். அந்த 'லேசாக' எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

அப்புறமாவது மனசாட்சி குத்தி விட்டாரா என்றால், இல்லை. 1754-ல் அடுத்த பயணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தார், கடல் வேலை அதோடு நின்றது. 1764-ல் குருப்பட்டம் வாங்கி ஆல்னி என்ற சின்ன ஊருக்குப் போதகராகப் போனார், 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாட்டை எழுதினார். அப்போதும் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து வெளியில் ஒரு வார்த்தை இல்லை. அவர் அதைப் பற்றிப் பகிரங்கமாக எழுதியது 1788-ல், கப்பலை விட்டு 34 வருஷம் கழித்து.

இதைச் சொன்னால் சிலர், அப்போ அவர் மனந்திரும்பினதே பொய்யா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நியூட்டனே, புயலில் தப்பிய அந்த நேரத்தில் நான் முழு விசுவாசி ஆகிவிட்டதாக எண்ணவில்லை, அதற்கு வெகுகாலம் ஆனது என்று பிற்பாடு எழுதினார். ஒரு ராத்திரியில் எல்லாம் மாறிவிட்டது என்று சாட்சி சொல்லும்படி நாம்தான் ஆட்களை நெருக்குகிறோம், அவர்களும் பாவம், ஜனங்கள் எதிர்பார்க்கிற மாதிரி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

1788-ல் நியூட்டனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். லண்டன் நகரத்தில் பேர்பெற்ற போதகர், அறுபதைத் தாண்டிய வயசு, நல்ல மரியாதை. வாயை மூடிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். அந்த மனுஷன்தான் உட்கார்ந்து, கப்பலில் ஜனங்களை அலமாரியில் புஸ்தகம் அடுக்குவதைப் போல அடுக்கிவைத்ததையும், திருகையும், சாட்டையையும், பெண்களுக்கு நடந்ததையும் எழுதி, இதில் எனக்கும் பங்கு உண்டு, இந்த அறிக்கை ரொம்பத் தாமதமாக வருகிறது என்று தன் பெயரைப் போட்டு வெளியிட்டார். பாராளுமன்றம் விசாரித்தபோது போய் சாட்சியும் சொன்னார். இப்போது அவர் கொடுத்ததுதான் முழு ஒப்புதல், அதற்கு யாரும் அவர் விரலைத் திருகவில்லை. அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் 1807 மார்ச்சில் வந்தது, அந்த டிசம்பரில் அவர் இறந்தார்.

விடுதலை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று பைபிளில் ரோமர் 8-ல் பவுல் எழுதினதை ஒருவன் நிஜமாகவே நம்பிவிட்டால், அவன் தன் பழசை மறைத்துக் காவல் காக்க வேண்டிய வேலை போய்விடும். நாம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். நம் பாவங்களைத் தேவன் என்ன செய்வார் என்று மீகா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தில் இருக்கிற "சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவீர்" என்ற வசனத்தை எடுத்து, அங்கே மீன் பிடிக்கத் தடை என்று போர்டு போட்டிருக்கிறது, யாரும் கிளறக் கூடாது என்று பிரசங்கம் பண்ணுகிறோம். சரி, நியூட்டன் கடலில் போட்டவர்களின் தாய் தகப்பனிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? தேவன் மன்னித்தார் என்பது வேறு, நாம் காயப்படுத்தினவர்களை வாயை மூடச் சொல்வது வேறு. வரி வசூலித்த சகேயு ஆண்டவரைச் சந்தித்தவுடன் சொன்னது என்ன, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றுதானே. கணக்கை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் உறவில் ஒரு அண்ணன் இருக்கிறார். சீட்டு நடத்தி, பணத்தைச் சுருட்டி, குடித்து, ஊரைவிட்டே ஓடி, பல வருஷம் கழித்து இரட்சிக்கப்பட்டேன் என்று திரும்பி வந்தார். ஊரில் யார் நம்புவார்கள்? முதலில் ஒரு சித்தி வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போயிருந்தேன். அவர் வாசலில் நின்று, சித்தி உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று ஆரம்பித்ததும் சித்தி, "ஜெபம் இருக்கட்டும்ப்பா, மூத்தவ நகைக்குக் கட்டின காசு என்னாச்சு, அதச் சொல்லு" என்றார்கள். அண்ணன் எச்சிலை விழுங்கினார். அப்புறம், "நான்தான் எடுத்தேன் சித்தி, சீட்டு முறிஞ்சுதுன்னு சொன்னது பொய்" என்றார். இவ்வளவு காலம் ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது. சித்தி மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. அடுத்த மாசத்திலிருந்து தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள், எண்ணிப் பார்த்துத்தான்.

சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசன விழா போன தடவை வருவதற்கு முந்தி, எங்கள் சபைப் போதகரான ஐயர் அண்ணனைக் கூப்பிட்டு, ஜனங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கும், சாட்சி சொல்லுங்களேன் என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு ஐயரே, அவங்களும் நம்ம சபைதான், முன் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க" என்றாராம்.